அம்மா மருந்து இடித்த துவக்கு

துவக்கு என்றதும் முகத்தைச் சுழிக்கிற என் வயதுக்காரர்களே, கொஞ்சம் பொறுங்கள். துவக்கு என்றால் என்னவென்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதற்குப் பயந்துதான் எங்களைப் பெற்றவர்கள் எங்களையும் தூக்கிக்கொண்டு இந்தக் குளிருக்குள் வந்தார்கள். நான் சொல்லப்போவது அந்தத் துவக்கைப் பற்றி அல்ல. வாய்ப்பக்கத்தால் வெடிமருந்தைக் கொட்டி, தேங்காய்த் தும்பு வைத்து, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து இறுக்கி, ஒரே ஒரு வெடி வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிற கிழட்டுத் துவக்கைப் பற்றி. வன்னியில் அதற்கு இடியன் என்று பெயர். எனக்குப் பதினொரு வயதான அந்த இலையுதிர்காலம் முழுவதும் ஒஸ்லோவில் எங்கள் வீட்டில் இடியனின் மணம்தான். தீக்குச்சியையும் கூழ்முட்டையையும் சேர்த்து மணந்தது போல இருக்கும். எனக்கு இன்றைக்கும் அது நல்ல மணம்.

எங்கள் வீடு ட்வெய்ட்டாவில் பதினோராவது மாடியில் இருந்தது. அப்பாவுக்கு பஸ் கழுவும் இடத்தில் வேலை. அம்மா கட்டடங்கள் துப்புரவாக்கப் போவார். சனிக்கிழமைகளில், பஸ் கடைசியாகத் திரும்புகிற இடத்துக்கும் அப்பால், காட்டோரத்தில் இருந்த ஒரு சுடும் சங்கத்தின் மரவீட்டைக் கழுவித் துடைக்கிற வேலையும் கிடைத்தது. அதற்கு நானும் போகவேண்டும். ஏனென்றால் அம்மாவின் நொர்வேஜிய வாய் நான். நீங்களும் உங்கள் வீட்டில் வாயாக இருந்தவர்கள்தானே? டொக்டரிடம் வாய், வங்கியில் வாய், பள்ளிக்கூடக் கூட்டத்தில் எங்களைப் பற்றி ஆசிரியர் சொல்லும் குறையை நாங்களே சீனி போட்டு மொழிபெயர்த்துக் கொடுக்கிற வாய். அந்தப் பெருமையை இப்போதைய பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த முடியாது.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. தன் கையை அவர் நம்பமாட்டார். கறி கொதிக்கும்போது, "பிள்ளை, நான் உப்புப் போட்டனானோ?" என்பார். "ஓம் அம்மா" என்றால், "வடிவாப் பார்த்தனியோ?" என்பார். கதவைப் பூட்டிவிட்டு லிஃப்ட் வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். அப்பா, "உவளின்ரை கைமறதி ஊருக்கே தெரியும்" என்று சிரிப்பார். ஊருக்கே எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டதில்லை. சிலருக்கு மூக்கு நீளம், சிலருக்குக் கைமறதி என்று விட்டுவிட்டேன்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, துரொண்ட்ஹெய்மில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தார். எங்களுக்கு முந்தி வந்தவர், எங்களைக் கூப்பிட்டு எடுத்தவரும் அவர்தான். அவருடைய இடது கையில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் இல்லை. அவர் வந்தால் எங்கள் வீட்டில் ஆட்கள் கூடிவிடுவார்கள், அவருடைய வேட்டைக் கதைக்காக. அந்த மனிதன் கதை சொன்னால் பத்துப் பேர் மூச்சு விடாமல் இருப்பார்கள்.

"வெடி வைக்கிறது பெரிய வேலை இல்லை பிள்ளை," என்று என்னைப் பார்த்துத்தான் தொடங்குவார். "அது கிட்ட வருமட்டும் இருக்கிறதுதான் வேலை. இடியனிலை ரெண்டாவது வெடி இல்லை. மரைமான் புல்லுச் சப்புற சத்தம் காதிலை கேக்கவேணும். கேட்டாப் பிறகும் ஒரு மூச்சை விட்டுப்போட்டுத்தான் விசையிலை கை வைக்கவேணும்."

அவர் மூச்சு விடுவார். நாங்களும் விடுவோம். பிறகு கதிரையில் ஓங்கி ஒரு அடி. எல்லோரும் துள்ளி விழுவோம்.

கதை முடிந்ததும், சாப்பாடு பரிமாறிக்கொண்டு நிற்கும் அம்மாவைக் கிட்டக் கூப்பிட்டு, அந்த மூன்று விரல் கையை அம்மாவின் தலையில் வைத்து, "இவளை நான் அண்டைக்கே மன்னிச்சிட்டன்" என்பார். வந்தவர்கள், "பெரிய மனசு" என்பார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு அவருக்கு இன்னொரு அகப்பை சோறு போடுவார். சின்ன வயதில் ஏதோ விளையாட்டுச் சண்டை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

சுடும் சங்கத்துக்கு நாங்கள் போன மூன்றாவது சனிக்கிழமை. அதுவரை அங்கே யாரையும் கண்டதில்லை, வெறும் வீட்டைத்தான் துடைத்தோம். அன்று பத்துப் பன்னிரண்டு பேர் வெளியே சுட்டுவிட்டு, துவக்குகளைச் சுவரோடு சாத்திவிட்டு, கோப்பிக்கும் வாஃபலுக்கும் உள்ளே போயிருந்தார்கள். அம்மா மொப்பை நிறுத்தினார். ஒரு துவக்கின் வாயைக் குனிந்து மணந்து பார்த்தார்.

"ஐயோ பிள்ளை, இடியன்!" என்று சிரித்தார். நொர்வேக்கு வந்து அம்மா அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். நிலம் துடைக்க வைத்திருந்த சுடுதண்ணீரில் சவர்க்காரம் போட்டு, ஒரு துவக்கின் குழாயைக் கழற்றி, அடியை வாளிக்குள் விட்டு, துணி சுற்றிய கம்பியால் மேலும் கீழும் இழுக்கத் தொடங்கினார். மை போலக் கறுப்புத் தண்ணீர் வந்தது. "அம்மா, விடுங்கோ, அடிக்கப் போறாங்கள்" என்று நான் கெஞ்சுகிறேன், அவர் இரண்டாவது துவக்கை எடுக்கிறார். பழங்காலத் துவக்குகளால் மட்டும் சுடுகிற அந்தச் சங்கத்துத் தலைவர் கோப்பிக் கோப்பையோடு வந்து வாசலில் நின்றார். தாடி வைத்த பெரிய மனிதர், ட்ராம் ஓட்டும் வேலையிலிருந்து இளைப்பாறியவர். இனி அவரை ட்ராம்காரர் என்றே சொல்கிறேன். நான் மனதுக்குள் மூன்று விதமான மன்னிப்பைத் தயார் செய்துகொண்டு நின்றேன்.

அவர் கழுவிய குழாயை எடுத்து யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இதை அம்மா எங்கே படித்தார் என்று என்னைக் கேட்கச் சொன்னார்.

"படிக்கிறதோ? இதென்ன டொக்டர் வேலையே?" என்றார் அம்மா.

நான், "வீட்டில்" என்று மொழிபெயர்த்தேன்.

அடுத்த கிழமை அம்மாவைச் சுடும் வரிசைக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். அவர்கள் குண்டைக் கொழுப்புப் பூசிய துணியில் சுற்றி இறக்குவார்கள். அம்மா அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மறு கிழமை எங்கள் வீட்டு வாசலில் கிடந்த தும்புக் கால்மிதியின் ஓரத்தைப் பிய்த்து, கழுவி, உலர்த்தி, ஒரு பையில் கட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்குத்தான் அவர் மருந்து இடிப்பதை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

முதலில் ஒரு பிடி தும்பைப் பல்லில் கடித்துக்கொண்டார். பிறகு அளந்து மருந்தைக் கொட்டினார். கொட்டிய பிறகுதான் வாயில் இருந்த தும்பை எடுத்துக் குழாய்க்குள் வைத்து இடித்தார். அம்மா பிறந்த வீட்டு வழக்கம் அது. வாயில் தும்பு இருக்கும்வரை இடிக்கிறவள் பேசமுடியாது, யாரும் அவளைக் கூப்பிடவும் கூடாது. பேசினால் கவனம் சிதறும். கவனம் சிதறினால் மருந்து போட்டோமா இல்லையா என்ற சந்தேகம் வரும், இரண்டு தரம் போட்டுவிடுவோம். கடைசியாகக் கம்பியில் வெட்டியிருக்கிற அடையாளத்தைப் பார்க்கவேண்டும். அடையாளம் குழாயின் வாயோடு சரியாக நின்றால் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறது. கச்சான் கடலைத் தோட்டத்துக்குப் பன்றி இறங்குகிற காலத்தில் ஆண்கள் ஒரு துவக்கால் வெடி வைக்க, பின்னால் இருந்து அடுத்த துவக்குக்கு மருந்து இடிப்பது அம்மாவின் வேலையாக இருந்ததாம்.

அம்மாவின் வாயில் தும்பு இருந்த நேரத்தில் பக்கத்தில் நின்றவர் அவரிடம் ஏதோ கேட்டார். அம்மா திரும்பியும் பார்க்கவில்லை. கோபம் என்று நினைத்து அந்த மனிதர் ஒதுங்கிப் போனார். நான் ஓடிப்போய் விளங்கப்படுத்தினேன். அதற்கடுத்த சனிக்கிழமை பார்த்தால், அந்த வரிசையில் இரண்டு நொர்வேக்காரர்கள் எங்கள் கால்மிதியைப் பல்லில் கடித்துக்கொண்டு நிற்கிறார்கள்!

அந்தத் துவக்கில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். விசையை இழுத்ததும் முதலில் பின்பக்கத்துக் கேப்பு 'டிக்' என்று வெடிக்கும். அதற்குப் பிறகுதான் பெரிய வெடி. தோளில் சாமான் மூட்டை வந்து சாய்ந்தது போல ஒரு தள்ளு. உடனே வெள்ளைப் புகை எழுந்து எல்லாவற்றையும் மூடிவிடும். பட்டதா, படவில்லையா என்று தெரியாது. காற்று வந்து புகையை எடுத்துக்கொண்டு போகும்வரை நிற்கவேண்டும். அந்த நாலைந்து நொடிக்காகத்தான் அவ்வளவு கஷ்டமும். புது றைபிளால் சுடுகிறவன் தவறினால் உடனே அடுத்ததைச் சுடலாம், இதில் தவறினால் மூன்று நிமிடம் தவறிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே மருந்து இடிக்கவேண்டும் என்று ட்ராம்காரர் சொல்வார். அவருக்கு அதுதான் பிடிக்குமாம். எனக்கும் அது பிடித்துப்போனது. காதில் மூடி போட்டுக்கொண்டு, புகை எப்போது விலகும் என்று பார்த்துக்கொண்டு நிற்பேன்.

அப்பாவுக்கு மணத்தால் தெரிந்துவிட்டது. அம்மாவின் ஜம்பரை மணந்து பார்த்துவிட்டு என்னைக் கேட்டார். நான் பொய் சொல்வதில் கெட்டிக்காரிதான், ஆனால் நொர்வேஜிய மொழியில்தான்.

"இஞ்சேரும், உமக்கு விசரே?" என்றார் அப்பா. "துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இஞ்சையும் துவக்கோ? ஆரும் கண்டு எழுதிப் போட்டாங்களெண்டா விசா என்னாகிறது?"

"அது வேறை துவக்கு," என்றார் அம்மா. "அதாலை ஒரு ஆளைச் சுடவேணுமெண்டா, நான் மருந்து இடிச்சு முடியுமட்டும் அந்தாள் நிண்டு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்க வேணும்."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு மனிதனால் சண்டை பிடிக்க முடியாதே. ஆனால், "நீர் மருந்து போடுற துவக்கைப் பிடிக்கிறவன் பாவம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அம்மாவின் முகம் செத்துப்போனது. பகிடிக்குத்தான் அப்பா சொன்னார் என்று அப்போது நினைத்தேன். அது எங்கே போய்க் குத்தியது என்று அவருக்கும் தெரியும், தெரிந்துகொண்டுதான் சொன்னார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அம்மாவுக்கு இப்போது எழுபது. அந்தப் பேச்சை இன்னும் மறக்கவில்லை.

ஒக்டோபர் பிறந்த சனிக்கிழமை ட்ராம்காரர் ஒரு துவக்கை அம்மாவிடம் நீட்டினார். ஒவ்வொரு கிழமையும் மற்றவர்களுக்கு இடித்துக் கொடுத்தது போதும், இன்று நீங்களே சுடுங்கள் என்று சொல்லச் சொன்னார். அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் மருந்து போட்ட துவக்கை நான் வெடிக்கமாட்டன் எண்டு சொல்லு."

ஏன் என்று அவர் கேட்டார். அம்மா காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சொல்லத் தொடங்கினார். எங்கள் குடும்பத்துக் கதையை நான் முதன்முதலாகக் கேட்டது அன்றைக்குத்தான், அதுவும் ஒவ்வொரு வசனமாக வேறொரு மொழியில் இன்னொருவருக்குச் சொல்லிக்கொண்டு.

அம்மாவுக்குப் பதினாறு வயது. மாரிகாலம். அண்ணன் வேட்டைக்குப் புறப்பட, தங்கை மருந்து இடித்துக் கொடுத்தாள். பின்னேரம் அண்ணனைச் சாக்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். துவக்கு வெடித்துச் சிதறிவிட்டது, இரண்டு விரல் போய்விட்டது. அவர்களுடைய தகப்பனார், அப்பு, கேட்டாராம், "மருந்து போடேக்கை வாயிலை தும்பு இருந்ததோடி?" என்று. நூறு தரம் செய்த வேலையில் அந்த ஒரு தரத்தை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? அம்மாவால் இருந்தது என்று சொல்லமுடியவில்லை. பேசிக்கொண்டு இரண்டு தரம் மருந்து போட்டுவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். அதற்குப் பிறகு அவர் கையில் ஒருவரும் துவக்குக் கொடுக்கவில்லை. கலியாணம் பேசி வந்த இடத்திலும் அந்தக் கதைதான் முதலில் போய் நின்றது.

"பதினெட்டு வருசமா நானும் யோசிச்சுப் பாக்கிறன் எண்டு சொல்லு பிள்ளை. போட்டனானோ, போடேல்லையோ எண்டு தெரியேல்லை. அது தெரியாமல் எனக்குச் சாகவும் மனமில்லை எண்டு சொல்லு."

நான் சொன்னேன்.

ட்ராம்காரர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்: "எந்தக் கை?"

"இடக்கை."

அவர் துவக்கைத் தோளில் வைத்துக் காட்டினார். வலது கை விசையில், குழாயின் அடிப்பக்கத்தில். இடது கை முன்னால், குழாயின் நடுவில் தாங்கிக்கொண்டு. மருந்து இரட்டிப்பானால் பெரும்பாலும் அடியில்தான் பிளக்கும் என்றார். அடியில் பிளந்தால் கண் போயிருக்கும், முகம் போயிருக்கும், வலது கை போயிருக்கும். இடது கை போனதென்றால் துவக்கு நடுக்குழாயில் வெடித்திருக்கிறது. குண்டு மருந்தை விட்டு விலகி நடுவில் வந்து நின்றால்தான் அப்படி நடக்கும். பிறகு இன்னொரு கேள்வி கேட்டார். அன்றைக்கு மழையா? அண்ணன் துவக்கை எப்படிக் கொண்டுபோனார்?

அம்மா மொழிபெயர்ப்புக்குக் காத்திருந்து கேட்டார். பிறகு மெல்லத் தன் கையைக் கவிழ்த்துக் காட்டினார். வாய் கீழே. மழைத்தண்ணீர் குழாய்க்குள் போகாமல் இருக்க எல்லோரும் மாரியில் அப்படித்தான் கொண்டுபோவார்களாம், தலைகீழாக, கக்கத்துக்குள். ஒரு மணித்தியால நடை. ஒவ்வொரு அடிக்கும் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக நழுவியிருக்கும்.

"அது உங்களுடைய கை அல்ல" என்றார் ட்ராம்காரர். இதை நான் மொழிபெயர்க்கவில்லை. அம்மாவுக்கு அதற்கு முன்பே விளங்கிவிட்டது.

அம்மா தும்பைக் கடித்தார், மருந்து கொட்டினார், இடித்தார், அடையாளம் பார்த்தார், துவக்கைத் தூக்கித் தோளில் வைத்தார். இடது கையை முன்னால் கொண்டுபோகும்போது மட்டும் ஒரு கணம் தயங்கினார். டிக். பிறகு வெடி. புகை. புகை போனபோது கடதாசி இலக்கில் ஒரு கீறலும் இல்லை, அதைத் தாங்கிய மரச்சட்டத்தின் மூலை பறந்திருந்தது. சட்டம் செத்துவிட்டது என்று ட்ராம்காரர் தொப்பியைக் கழற்றினார். அம்மாவின் கன்னமெல்லாம் கண்ணீர்.

"புகை," என்று துடைத்தார். "இன்னொருக்கா தரச் சொல்லு."

அன்றைக்கு ஆறு தரம் சுட்டார். ஆறாவது கடதாசியின் ஓரத்தில் பட்டது. அன்றிரவுக் கறியில் உப்பே இல்லை. அம்மா கேட்கவும் இல்லை, போடவும் இல்லை. நாங்கள் பேசாமல் சாப்பிட்டோம்.

இலையுதிர்கால விடுமுறைக்கு மாமா ரயிலில் வந்தார். அந்த முறை வெறுங்கதைக்கு வரவில்லை. அடுத்த கிழமை ஒருவர் கொழும்புக்குப் போகிறார், அவர் கையில் ஊரில் இருக்கிற அப்புவுக்குக் கசெற் கொடுத்துவிடலாம் என்று ஒரு புதுக் கசெற்றோடு வந்தார். ஊரில் போன் இல்லாத காலம், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசிப் பதிந்து அனுப்புவோம். அங்கே அயல் வீட்டுச் சனமெல்லாம் வந்து சுற்றி இருந்து கேட்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்தது. வெளிச் சனம் யாரும் இல்லை, நாங்கள் நாலு பேர்தான். இருந்தாலும் மாமா பழக்கத்தில் கையை அம்மாவின் தலையில் வைக்கப் போனார். அம்மா தலையை விலக்கிக்கொண்டார்.

"அண்ணை, ஒரு விளையாட்டு விளையாடுவம்," என்றார்.

குளியலறைத் திரைச்சீலை தொங்குகிற கம்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். உள்ளே வெறும் குழாய். ஒரு பக்கத்தைத் துணியால் இறுக்கி அடைத்தார். மருந்துக்குப் பதிலாகக் கோப்பித்தூள். கால்மிதித் தும்பு. குண்டுக்கு என்னுடைய பெரிய கண்ணாடிப் போளை. மேலே மறுபடி தும்பு. கம்பிக்கு நான் பனியில் சறுக்குகிற ஸ்கீத் தடி, நுனி வட்டத்தைக் கழற்றிவிட்டு. இடித்து இறுக்கிய பிறகு, தடி குழாயின் வாயோடு நின்ற இடத்தில் என் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு கோடு போட்டார். அத்தனையும் வாயில் தும்போடு, ஒரு சொல்லும் பேசாமல் செய்தார். மாமா சிரித்துக்கொண்டு பார்த்தார். போகப் போகச் சிரிப்புக் குறைந்தது.

"இப்ப இதைக் கக்கத்துக்குள்ளை வைச்சு, வாயைக் கீழை பிடிச்சுக்கொண்டு, படியாலை கீழை போய் இந்தக் கட்டடத்தை ரெண்டு தரம் சுத்திப்போட்டு வாங்கோ. மழைதான் பெய்யுது, அண்டைக்குப் பெய்த மாதிரி."

"உனக்கென்ன விசரோ?" என்றார் மாமா.

"ஓம். போட்டு வாங்கோ."

நானும் கூடப் போனேன். பதினோரு மாடிப் படி, மழைக்குள் கட்டடத்தைச் சுற்றி, திரும்பப் பதினோரு மாடி. எங்கள் மாமா குளியலறைக் கம்பியைக் கக்கத்துக்குள் தலைகீழாக வைத்துக்கொண்டு நடந்து வருவதைப் பார்த்து, நாய் கூட்டிவந்த ஒரு நொர்வேக்காரக் கிழவி வழிவிட்டு நின்றாள். மாமா ஒரு கதையும் கதைக்கவில்லை. ஆறாவது மாடியில் மூச்சு வாங்க நின்றார். அப்போதும் கம்பியை நிமிர்த்தவில்லை.

மேலே வந்ததும் அம்மா, "பிள்ளை, தடியை விடு" என்றார்.

விட்டேன். சிவப்புக் கோடு குழாயின் வாய்க்கு வரவேயில்லை. வெகு மேலே நின்றது. அப்பா எழுந்து வந்து கையை விரித்து அளந்தார்.

"ஒரு சாணுக்கு மேலை," என்றார். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையில் போய் இருந்தார். அப்படித் தலை குனிந்து அப்பாவை நான் கண்டதில்லை.

ஆனால் நான் பார்த்தது மாமாவை. அவர் தடியைப் பார்க்கவில்லை. யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆச்சரியப்படுகிறவன் அப்படி நிற்கமாட்டான்.

"அண்டைக்குப் பரணிலை ஏறி இருந்தாப் பிறகு நானும் கம்பியை விட்டுப் பார்த்தனான்," என்றார் கடைசியில். "இப்படித்தான் நீட்டிக்கொண்டு நிண்டது. ஏதோ பிழையெண்டு தெரியும். நீ ரெண்டு தரம் மருந்து போட்டிட்டாயெண்டு நினைச்சன்."

"பிழையெண்டு தெரிஞ்சும் ஏன் வெடி வைச்சனீங்கள்?" என்று அப்பா கேட்டார்.

"மரை வந்திட்டுது." மாமாவின் குரல் கதை சொல்லும் குரலாக மாறியது, அவரை அறியாமலே. "கொம்பை நிமித்திக்கொண்டு பத்துப் பாகத் தூரத்திலை நிண்டது. புல்லுச் சப்புற சத்தம் கேட்டது. திருப்பி இடிச்சா அந்தச் சத்தத்துக்கே ஓடியிருக்கும். காலமை துவங்கி அதுக்குத்தான் இருந்தனான். விட மனம் வரேல்லை."

"மரை விழுந்ததோ மாமா?" என்று நான் கேட்டேன். பதினொரு வயது, கேட்காமல் இருக்கமுடியவில்லை.

"இல்லைப் பிள்ளை. ஓடிட்டுது."

மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார். "நான் உன்னிலை பழி போடேல்லை. அப்பு, 'ஆர் மருந்து போட்டது?' எண்டு கேட்டார். தங்கச்சி எண்டன். அது பொய்யில்லைத்தானே? மிச்சத்தை அவையள் தங்கடை பாட்டிலை சொல்லிச்சினம். நான் மறுக்கேல்லை, அவ்வளவுதான்."

"மறுக்கேல்லை. சரி," என்றார் அம்மா. "பிறகேன் என்னை மன்னிச்சனீங்கள்?"

வன்னிக்காட்டை அளந்த அந்த வேட்டைக்காரர் மூன்று விரல் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோனார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. இரண்டும் இன்றைக்கும் குறையவில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். அன்றைக்கும் பிடித்துத்தான் இருந்தது, அதுதான் கஷ்டம்.

அம்மா அழுவார் என்று நினைத்தேன். அவர் எழும்பிப்போய் கசெற் ரெக்கோர்டரைக் கொண்டுவந்து, கோப்பித்தூளைத் துடைத்துவிட்டு, மாமாவின் முன்னால் வைத்தார். புதுக் கசெற்றைப் போட்டார். பதிகிற பொத்தானை அமத்தினார்.

"இப்ப எங்களுக்குச் சொன்னதை அப்புவுக்குச் சொல்லுங்கோ. மரையையும் சேர்த்துச் சொல்லுங்கோ."

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா நிலத்தைப் பார்த்தார். மாமா என்னைப் பார்த்தார். நான் ரெக்கோர்டரைப் பார்த்தேன், சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"அப்பு... நான்தான் கதைக்கிறன்," என்று மாமா தொடங்கினார். மழை, தலைகீழாகப் பிடித்த துவக்கு, பரண், கம்பி, மரை, எல்லாவற்றையும் சொன்னார். "தங்கச்சி போட்ட மருந்து சரி. பிழை என்ரை கையாலை வந்தது" என்று முடித்தபோது அவருடைய சட்டைக் கழுத்து வியர்த்திருந்தது.

அம்மா நிறுத்தினார். பின்னால் சுற்றினார். போட்டு, ரெக்கோர்டரில் காதை வைத்து, கடைசிச் சொல் வரைக்கும் கேட்டார். பக்கத்தில் இருந்து நானும் கேட்டேன். மணி அடித்தது போல ஒவ்வொரு சொல்லும் தெளிவாகப் பதிந்திருந்தது.

"சத்தம் காணாது அண்ணை," என்றார் அம்மா. மறுபடி பொத்தானை அமத்தினார். "அங்கை சனம் நிறைய இருந்து கேக்கும். முதல்லையிருந்து சொல்லுங்கோ."